வாக்காளர் பட்டியலில் ஒரு நேர்த்தையல்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. எனக்குச் சொன்னது என் சின்னம்மா. சின்னம்மாவுக்குச் சொன்னது அந்த வகுப்பில் மூன்றாவது மிஷினில் உட்கார்ந்து படித்த சரசு. இரண்டு வாய் தாண்டி வந்த கதை என்பதால் எனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம் என்று சின்னம்மா கேட்டுக்கொண்டார். சங்ககிரிப் பக்கம், லாரிகள் அதிகமுள்ள ஓர் ஊர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

அந்த ஊரில் மேலத்தெரு ஓடைக்கு இந்தப் பக்கம், காலனி அந்தப் பக்கம், நடுவில் ஒரு சின்னப் பாலம், பாலத்தை ஒட்டிப் பஞ்சாயத்துக்குச் சொந்தமான சமுதாயக் கூடம். அந்தக் கூடத்தில்தான் ஒரு மாசி மாதம் லாரித் தார்ப்பாய் தைக்கும் மிஷின்கள் ஆறு வந்து இறங்கின. வீட்டில் ரவிக்கை தைக்கிற மிஷினைப் பார்த்துப் பழகிய பெண்களுக்கு அவை மிஷின் மாதிரியே தெரியவில்லை. கன்று போட்ட எருமை மாதிரி அகலமாக, கறுப்பாக, தொட்டால் உறுமும் மோட்டாரோடு, மேலே ஒரு பல் கீழே ஒரு பல் வைத்து நாலு மடிப்புத் தார்ப்பாயைக் கவ்வி இழுத்துக்கொண்டு, குச்சி கனத்துக்கு ஓர் ஊசியால் அதைக் குத்திக்கொண்டே போகும் மிஷின்கள். சொல்லிக்கொடுக்க வந்த நஸ்ரீன், பேர்ணாம்பட்டில் செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவள், வயது இருபத்து நாலு. படிக்க வந்த ஆறு பெண்களும் அவளைவிட மூத்தவர்கள் என்பதால் அவர்கள் அவளை டீச்சர் என்றார்கள், அவள் அவர்களை அக்கா என்றாள்.

ஆறு பேரில் ஒருத்தி காலனிப் பூவாயி. நாற்பது வயது. அவள் வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு வடக்கே போனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். பதினாலு வருடமாகப் பூவாயி மேலத்தெரு ரத்தினாம்பாள் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளினாள். பயிற்சி முடித்துப் பரீட்சையில் தேறினால் திருச்செங்கோடு ரோட்டில் உள்ள தார்ப்பாய்க் கம்பெனியில் ஒரு மிஷின் கிடைக்கும், தேறாவிட்டால் மறுபடியும் தொழுவம்தான். வேலையை விட்டு நின்ற அன்று ரத்தினாம்பாள் பின்வாசலில் நின்றபடி சொன்னாள்:

"போயிட்டு வா. ஒரு மாசந்தானே. கூடையை எறவாரத்துலயே சொருவி வெச்சிருக்கறேன்."

மிஷினில் உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் அந்தக் கூடை அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அது வந்து நின்றதும் கால் பயந்து பெடலை அழுத்திவிடும், அழுத்தியதும் மிஷின் தறிகெட்டு ஓடிவிடும்.

"மிதிக்காதீங்கக்கா. தொடுங்க. தொட்டா நடக்கும், மிதிச்சா ஓடிரும்" என்பாள் நஸ்ரீன்.

நஸ்ரீனுடைய முறை என்னவென்றால் முதல் இருபது நாள் நூல் கிடையாது. வெறும் ஊசியால் காகிதத்தில் ஓட்டை போட்டுக்கொண்டே போக வேண்டும். முதலில் நேர்கோடு, பிறகு சதுரம், பிறகு சுருள். காகிதத்தில் கோடு நேரே வந்தவளுக்குத்தான் நூல், நூலில் நேரே வந்தவளுக்குத்தான் தார்ப்பாய். இரண்டு முனையிலும் ரிவர்ஸ் போட்டு மூன்று தையல் பின்னால் வந்து பூட்ட வேண்டும், பூட்டாத தையல் லாரி சேலம் தாண்டும் முன்னே பிரிந்துவிடும் என்று அவள் தினமும் சொன்னாள், பூவாயி தினமும் மறந்தாள். பயிற்சிக்கான காகிதத்தைப் பஞ்சாயத்து எழுத்தர் கொடுத்தார். பரணில் கிடந்த பழைய வாக்காளர் பட்டியல், ஆட்களின் போட்டோ போட ஆரம்பிப்பதற்கு முந்தையது, கட்டுக் கட்டாகக் கறையான் வாடையோடு இருந்தது.

"உம்பட கோட்டைப் பார்த்தா மாடு நடந்துக்கிட்டே மூத்திரம் பெஞ்ச மாதிரி இருக்குது" என்று சரசு சிரித்தாள்.

"பதினாலு வருசம் பார்த்துப் பழகுன கோடு. கையில வந்துருச்சு" என்றாள் பூவாயி.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம், நஸ்ரீன் போனில் பேச வெளியே போயிருந்த நேரம், பூவாயிக்கு வெறும் ஊசி அலுத்துவிட்டது. நூல் இல்லாமல் தைப்பது சோறு இல்லாமல் மெல்லுவது மாதிரி இருக்கிறது என்று சரசுவிடம் சொல்லிவிட்டு, கறுப்பு நைலான் நூலைத் தானே கோத்தாள். கனத்துக்காகச் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தை நடுவில் வைத்து, பட்டியலில் கைக்கு வந்த ஒரு தாளை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் ஓரம் பார்த்து அடுக்கி, பெயர்கள் இருக்கும் வரிசையோடு பெடலைத் தொட்டாள். மிதிக்கவில்லை, தொட்டாள். மிஷின் நடந்தது. முதல் பெயரிலிருந்து முப்பதாவது பெயர் வரை, அங்குலத்துக்கு ஆறு தையலாக, ஒரு நூலளவு விலகாமல், மேலிருந்து கீழே ஒரே கோடு. ஆரம்பத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் போட்டுப் பூட்டினாள். அவள் மறக்காமல் பூட்டியது அன்றைக்குத்தான். திரும்பி வந்த நஸ்ரீன் நூலைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தவள், கோட்டைப் பார்த்துத் திட்டை நிறுத்திக்கொண்டாள். தாளை மிஷின் பலகையின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

மேலே இருந்தது மேலத்தெருத் தாள். கீழே இருந்தது காலனித் தாள்.

மறுநாள் விடியும்போது, பால் கறக்கிற நேரத்தில், மேலத்தெருவில் முப்பது வரியைச் சேர்ந்தவர்களின் வலது கைகளும் காலனியில் முப்பது வரியைச் சேர்ந்தவர்களின் இடது கைகளும் தாமாக நீண்டு தங்கள் ஆட்களை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தன. சிலர் சொம்போடும் சிலர் பல் குச்சியோடும் வந்தார்கள், மேலத்தெரு லட்சுமணன் பாதி மீசையில் சோப்போடு வந்தார். எல்லாரும் பாலத்தில் கூடினார்கள். அவரவர் வரிக்கு உரியவர் எதிரே வந்ததும் முன்னங்கையும் முன்னங்கையும் ஒட்டிப் படுத்துக்கொள்ள, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு கறுப்பு நூல் ரத்தம் இல்லாமல் வலி இல்லாமல் சத்தம் இல்லாமல் ஓடி, இரண்டு முனையிலும் மூன்று தையல் பின்னால் வந்து பூட்டிக்கொண்டது. கத்தரிக்கோல் போட்டார்கள், அதன் வாய் மழுங்கியது. அரிவாளைக் கொண்டுவந்தார்கள், யாருடைய கையை முதலில் வைப்பது என்று பேச்சு வந்ததும் அரிவாளைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள்.

பழைய பட்டியல் என்பதால் சில சங்கடங்கள் இருந்தன. பட்டியலில் பெயர் இருந்து, பிற்பாடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டவர்கள் கை இழுத்த இழுப்பில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தார்கள். மூன்று வரியில் ஒரு பக்கத்து ஆள் செத்துப்போயிருந்தார். அந்த வரியில் உயிரோடு இருந்தவர் பக்கத்தில் யாரும் இல்லாமலே கையை அகட்டி வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் கனக்கிறது என்று சொல்லியபடி நடந்தார். ஒரு வரியில் இரண்டு பேருமே செத்துப்போயிருந்தார்கள். ஊரில் சுடுகாடும் இரண்டு என்பதால் அங்கே என்ன நடந்தது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. மீதி இருபத்தாறு ஜோடி.

முப்பதாவது வரியில், மேலே, தெருக்கோடி வீட்டு ரத்தினாம்பாள் இருந்தாள். கீழே, காலனிக் கோடி வீட்டுப் பூவாயி இருந்தாள்.

பாலத்தில் தன் கையோடு வந்து படுத்த கையை ரத்தினாம்பாள் மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் பார்த்து, தோளிலிருந்து முகத்துக்கு வந்தாள்.

"நீயா?"

"நானுங்க. நேத்து ஒரு தாள்ல நூல் கோத்துத் தெச்சேனுங்க. நேரா வந்துருச்சு."

"நேரா வந்துருச்சாமா" என்றாள் ரத்தினாம்பாள்.

பூவாயி மறைக்கவில்லை. அன்றைக்கே பஞ்சாயத்துத் தலைவர் செங்கோடன் முன்னால், ரத்தினாம்பாளையும் இழுத்துக்கொண்டு நின்று, நடந்ததைச் சொன்னாள். செங்கோடன் ரத்தினாம்பாளின் கொழுந்தனார். அவர் பெயர் அந்தத் தாளில் இல்லாததால் அந்தத் தெருவில் இரண்டு கையையும் வீசி நடக்க முடிந்த சிலரில் அவரும் ஒருவர். தாளைப் பிடித்து இழுங்கடா என்றார். யாரோ ஒருவர் போய் ஒரு மூலையைப் பிடித்து லேசாகத் தூக்கியதும் உள்ளேயும் வெளியேயும் நின்றிருந்த ஐம்பத்தைந்து பேரும் கை மேலே இழுபட, நுனிக்காலில் எக்கி நின்று "அய்யோ சாமி, உடு" என்றார்கள். மூலையைக் கீழே விட்டதும் இறங்கினார்கள்.

நஸ்ரீன் விளக்கினாள். நைலான் நூல் இழுத்தால் அறாது, காகிதம்தான் அறும். ஊசி போன வழியெல்லாம் ஓட்டை. தபால்தலை கிழிக்கிற மாதிரி பெயரோடு பெயராகக் கிழிந்துவிடும். தையல் பிரிக்கிற முள்ளால் ஒவ்வொரு தையலாக, எந்தக் கை போட்டதோ அந்தக் கைதான் எடுக்க வேண்டும், போட்ட இறுக்கம் அந்தக் கைக்குத்தான் தெரியும்.

"அப்ப எடு" என்றார் செங்கோடன் பூவாயியைப் பார்த்து. "எடுத்துப்போட்டு எல்லாம் காலி பண்ணுங்க. கூடத்தைப் பூட்டப்போறேன். ஊருக்கு மிஷினும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

பூவாயிக்குக் கூடை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆனால் இந்த முறை கால் பயந்து மிதிக்கவில்லை.

"எடுக்கறேனுங்க" என்றாள். "வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி பரீட்சைங்க. பரீட்சை எழுதிப்போட்டு அன்னிக்கே எடுக்கறேன்."

"சனிக்கிழமை பங்குனித் தேரு. தேருக்கு மொத நாள் வரைக்கும் ஊரு இப்படியே நிக்கணுமா?"

"பூட்டறதுன்னா இப்பவே பூட்டுங்க. தாளு உள்ளார இருக்குது."

செங்கோடன் அண்ணியைப் பார்த்தார். ரத்தினாம்பாள் ஓடையைப் பார்த்தாள். கூடம் பூட்டப்படவில்லை. தாள் படபடத்தால் ஊரே ஆடுகிறது என்று கண்டுபிடித்த பிறகு கூடத்தில் ஃபேன் போடக் கூடாது என்று பஞ்சாயத்து தீர்மானம் போட்டது. அந்தப் பதினோரு நாளும் ஆறு பெண்கள் வேர்த்து ஊற்ற ஊற்றத் தைத்தார்கள்.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதத்தைச் சரசு நாள் கணக்கில் வைத்துச் சொன்னாள். முதல் நாள் ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை, யார் வீட்டுக்குள் போவது என்று தெரியாததால் பெரும்பாலோர் பாலத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நாள் வெயில் அடித்தது, மாமர நிழலுக்குப் போனார்கள். மூன்றாம் நாள் மழை தூறியது, எந்த வீடு கிட்டே இருந்ததோ அந்த வீட்டுக்குள் போனார்கள். போன பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் சாப்பிட்டார்கள். ஆணும் பெண்ணுமாக மாட்டிக்கொண்டவர்கள் ஒன்பது ஜோடி; அவரவர் வீட்டுக்காரியும் வீட்டுக்காரரும் காவலுக்கு வந்து கூடவே படுத்ததால் ஒரு பாய்க்கு நாலு பேர் ஆனார்கள், நாலு பேரில் மூன்று பேர் தூங்கவில்லை. நான்காம் நாள் டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை ஒருவருக்கும் எவர்சில்வர் டம்ளரை இன்னொருவருக்கும் நீட்டினார். ஒருவர் கை வாய்க்குப் போனால் ஒட்டிய கையும் கூடவே போகும், குடிக்கிறவர் டீ பக்கத்து ஆள் மேல் சிந்தும். இரண்டு நாள் துடைத்துப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் காகிதக் கப்பு என்று அட்டையில் எழுதி மாட்டினார். பஸ் கண்டக்டர் இரண்டு டிக்கெட்டையும் கிழிக்காமல் ஒட்டியே கொடுத்தார். நூறு நாள் வேலைக்குக் காலனி ஆட்கள் போனபோது மேலத்தெரு ஆட்களும் ஒட்டிக்கொண்டு போய், வெயிலில் நின்று, வேலை நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சவரக் கடையில் இத்தனை வருடமாக உட்கார இடம் கிடைக்காத காலனி முத்தான், லட்சுமணனின் பாதி மீசையை முடிக்க அவரோடு போனார். போனதுக்குத் தனக்கும் ஒரு கட்டிங் என்று சொல்லி நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டார், கடைக்காரர் கொஞ்சநேரம் கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு வெட்டினார்.

ரத்தினாம்பாளுக்கு ஒட்டியது வலது கை. சாப்பிடுகிற கை, பால் கறக்கிற கை. முதல் இரண்டு நாள் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள், ஒவ்வொரு வாய்க்கும் பூவாயியின் இடது கை மேலே போய்க் கீழே வந்தது. மூன்றாம் நாள் தூறலில் இலை நனைந்தது. ரத்தினாம்பாள் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து அடுக்களைக்குள் போனாள். அவள் போனதால் பூவாயியும் போக வேண்டியிருந்தது. பதினாலு வருடத்தில் பூவாயி அந்த அடுக்களையை உள்ளிருந்து பார்த்தது அப்போதுதான். நம் வீட்டைவிட இருட்டாக இருக்கிறதே என்று நினைத்தாள்.

மாடுகள் பதினொன்றும் தொழுவத்தில் கத்தின.

"கூடையை எடு" என்றாள் ரத்தினாம்பாள்.

"நான் நின்னுட்டனுங்க."

"அப்ப யாரு அள்ளறது?"

"தெரியலீங்க."

ரத்தினாம்பாள் தனக்கு மிச்சமிருந்த இடது கையால் கூடையை இறவாரத்திலிருந்து உருவினாள். ஐம்பத்து மூன்று வயதில், இடது கையால், குனிந்து, அள்ளினாள். பூவாயியும் கூடவே குனிய வேண்டியிருந்தது, ஆனால் அவள் வலது கை சும்மா தொங்கியது.

"அந்த மூலையில கொஞ்சம் உட்டுப்போச்சுங்க" என்றாள் பூவாயி.

"எனக்கு கண்ணு தெரியுது."

"கோமியம் ஓடறதுக்கு வாய்க்காலைத் தள்ளி உடணுங்க. இல்லீன்னா நாளைக்கு வழுக்கும்."

"பதினாலு வருசமா இதையெல்லாம் நீ சொன்னதே இல்லையே."

"கேட்டதே இல்லையேங்க."

தொழுவம் முடித்துப் பத்து மணிக்குக் கூடம். பூவாயி மிஷினில் உட்கார, ரத்தினாம்பாளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். கனமான துணி தைக்கும்போது முன்னாலிருந்து தள்ளுகிற கைக்குச் சமமாகப் பின்னாலிருந்து வாங்குகிற கை வேண்டும். வாங்குகிற கை பலமாக இழுத்தால் ஊசி வளையும், இழுக்காவிட்டால் துணி குவியும். பூவாயியின் இடது கைதான் பின்னால் வாங்க வேண்டும், அது போகிற இடத்துக்கு ரத்தினாம்பாளின் வலது கையும் போனது. முதல் நாள் அவள் வேண்டுமென்றே கையைக் கல் மாதிரி வைத்திருந்தாள். ஊசிகள் மூன்று உடைந்தன, ஒரு துண்டு பறந்து அவள் மூக்குத்திக்குப் பக்கத்தில் உரசிப் போனது.

"ஆண்டீ, கையை அடம் பிடிக்காம வெச்சாதான் ரெண்டு பேருக்கும் கண்ணு மிஞ்சும்" என்றாள் நஸ்ரீன்.

ரத்தினாம்பாளை யாரும் அதுவரை ஆண்டி என்று கூப்பிட்டதில்லை. மறுநாள் கையைத் தளர்த்தினாள். அதற்கு அடுத்த நாள், பூவாயி பெடலைக் கொஞ்சம் அழுத்தியபோது, "தொடுடி, மிதிக்காத" என்று டீச்சர் சொல்லும் முன்னே அவளே சொன்னாள். பால் கறந்த கைக்கு எவ்வளவு இழுக்க வேண்டும் எப்போது விட வேண்டும் என்று தெரிந்திருந்தது. வாய் மட்டும் அப்படியேதான் இருந்தது.

"நீ தேறுனா எனக்கென்ன லாபம்? மாடு அப்படியேதான் கெடக்கும்" என்பாள்.

"அப்ப கையை இறுக்கிக்கோங்க. ஊசி உடையட்டும்."

"உடைஞ்சா எம்பட மூக்குக்கில்ல வருது" என்று சொல்லிவிட்டுத் துணியை வாங்குவாள்.

வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து தேர்வாளர் ஞானப்பிரகாசம் வந்தார். பாலத்தில் ஜோடி ஜோடியாக நின்ற ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஃபேன் ஏன் ஓடவில்லை என்று மட்டும் கேட்டார். நாலு மடிப்புத் தார்ப்பாய், ஓரத்தில் கயிறு வைத்து ஒரு மீட்டர், இருபது நிமிஷம். ஐந்து பேர் தைத்து முடித்தார்கள். ஆறாவதாகப் பூவாயி உட்கார்ந்து, பக்கத்து ஸ்டூலில் ரத்தினாம்பாளும் உட்கார்ந்ததும் ஞானப்பிரகாசம் பேனாவை மூடினார்.

"உதவிக்கு ஆள் வெச்சுக்கக் கூடாதும்மா. அந்தம்மா தள்ளி உட்காரணும்."

"தள்ள முடியாதுங்க" என்றாள் பூவாயி. இப்போதே போய்த் தன் வரியை மட்டும் பிரித்துக்கொண்டு வரலாம். பிரித்த அடுத்த நொடி தலைவரின் அண்ணி விடுபட்டுவிடுவாள். மற்றவர்கள் தொங்கினாலும் பரவாயில்லை என்று செங்கோடன் கூடத்தை இழுத்துப் பூட்டிவிடுவார். அவர் சாவிக்கொத்தோடு வாசலிலேயே நின்றிருந்தார். பிரிக்காவிட்டால் பரீட்சை இல்லை. "சார், பிரிக்கோணும்னா..." என்று ஆரம்பித்தவளை ரத்தினாம்பாள் முழங்கையால் இடித்தாள்.

"இந்தாங்க சார். நான் உதவிக்கு வரல. எனக்கு இவளுக்கு உதவி பண்ண என்ன வேண்டுதலா? இவ இடது கைதான் நான். கையை எங்க தள்ளி வெக்கறது?"

"அண்ணி" என்றார் வாசலில் செங்கோடன்.

"நீங்க சும்மா இருங்க. வேர்க்குது, சீக்கிரம் முடியட்டும்."

ஞானப்பிரகாசம் சட்டத்துக்குப் பயந்த மனிதர். படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். உதவியாளர் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் 'அனுமதி இல்லை' என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே 'விண்ணப்பதாரரின் உடல் நிலை குறித்த சிறப்புக் குறிப்பு, இருப்பின்' என்று இன்னொரு கட்டம் காலியாக இருந்தது. அவர் முகம் தெளிந்தது. அம்மா பேர் என்ன, வயது என்ன என்று கேட்டு, 'இடது கை: ரத்தினாம்பாள், வயது 53' என்று நிறுத்தி நிதானமாக எழுதி, முத்திரை குத்தி, ஆரம்பிக்கலாம் என்றார்.

பூவாயி பெடலைத் தொட்டாள். மிஷின் நடந்தது. முன்னால் ஒரு கை தள்ள, பின்னால் இரண்டு கை வாங்க, கயிறு மடிப்புக்குள் புரளாமல், ஊசி முனகாமல், ஒரு மீட்டருக்கு ஒரே கோடு. இரண்டு முனையிலும் ரிவர்ஸ் போட்டாள். பதினாலு நிமிஷம். ஞானப்பிரகாசம் துண்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அளவுகோலை வைத்துத் தையலை எண்ணினார், பிறகு படிவத்தில் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பூவாயி முள்ளை எடுத்துக்கொண்டு அந்தத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஊர் பாலத்திலிருந்து கூடத்தின் வாசல் வரை வரிசை எண்படி நின்றது. தாளைத் தட்டையாகப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், ரத்தினாம்பாள் இடது கையை விரித்து வைத்துப் பிடித்தாள். ஒவ்வொரு தையலாக முள்ளை நுழைத்து, நூலைத் தூக்கி, அறுத்து, அடுத்தது. ஒரு வரி முடிந்ததும் வாசலில் ஒரு ஜோடி கழன்று இரண்டு பக்கமாகப் போனது. செத்தவர்களின் வரிகளையும் விடாமல் பிரித்தாள். முத்தானும் லட்சுமணனும் பேச்சு முடியவில்லை என்று சொல்லி வரிசையில் இரண்டு முறை பின்னால் போனார்கள், மூன்றாம் முறை செங்கோடன் பிடித்து நிறுத்தினார். விடுபட்ட மேலத்தெருக்காரர்கள் நேரே போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். விடுபட்ட காலனிக்காரர்களும் குளித்தார்கள், ஆனால் எதற்கு என்று சின்னம்மா சரசுவிடம் கேட்டபோது அவள் வெயிலுக்கு என்றாள்.

சூலம் கட்டிய தேரில் மாலை விளக்குப் போட்டபோது இருபத்தொன்பது வரி முடிந்திருந்தது. முப்பதாவதைப் பிரித்தபோது கூடத்தில் நஸ்ரீனையும் சரசுவையும் தவிர யாரும் இல்லை. கடைசித் தையல் அறுந்ததும் ரத்தினாம்பாள் கையைத் திருப்பிப் பார்த்தாள். நூல் போயிருந்தது, ஊசி போன இடம் போகவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாக ஓட்டை, கடுகு கனத்துக்கு.

"மூடாதா?" என்று நஸ்ரீனிடம் கேட்டாள்.

"பருத்தின்னா துவைச்சா மூடிக்கும், ஆண்டீ. ரெக்சின், தோல், தார்ப்பாய், காகிதம், இதுலெல்லாம் ஒரு தடவை குத்தினா குத்தினதுதான்."

அப்போது ரத்தினாம்பாள் பூவாயியிடம் ஏதாவது சொன்னாள் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. சின்னம்மாவிடம் இரண்டு முறை கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு மேலத்தெருப் பக்கம் நடந்துவிட்டாள் என்றார். மறுநாள் தேர் ஓடியது. வடத்தை எப்போதும் பிடிக்கிறவர்களே பிடித்தார்கள், எப்போதும் தள்ளி நிற்கிறவர்கள் தள்ளி நின்றார்கள். திங்கட்கிழமை பூவாயி தார்ப்பாய்க் கம்பெனிக்குப் போனாள், ஜன்னலோரம் மூன்றாவது மிஷின். தொழுவத்துக்கு வேறு யாரும் வரவில்லை, ரத்தினாம்பாள் ஏழு மாடுகளை விற்றுவிட்டாள்.

இதையெல்லாம் கேட்ட பிறகு எனக்கு நிம்மதி இல்லை. போன மாதம் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். யாரிடமும் கையைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தைரியம் வரவில்லை, ஆகவே பஸ் ஸ்டாப்பை ஒட்டி உள்ள தையல் கடைக்குப் போய் அளவு நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடைக்காரர் ஒன்றும் விசாரிக்காமல் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பங்குனிக்கு முன்னால் மேலத்தெரு ஆண்கள் பாதிப் பேர் அரைக்கைச் சட்டை. பங்குனிக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை, எல்லாம் மணிக்கட்டில் பொத்தான் வைத்த முழுக்கை. பெண்களின் ரவிக்கையும் சித்திரை வெயிலில் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. காலனிப் பக்கங்களில் எந்த மாற்றமும் இல்லை. மேலத்தெருப் பக்கங்களை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை பார்த்தேன், ஒரே ஒரு பெயரில் மட்டும் பழைய அளவே திரும்ப எழுதியிருந்தது: ரத்தினாம்பாள், ரவிக்கை மூன்று, கை ஆறு அங்குலம்.